ஓபரா உலாவியும் அதைச் சுற்றிக் கூடிய ஊரும்

இதழ்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அச்சகங்களின் வரலாறும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. ஓர் இதழை மாதந்தோறும் காத்திருந்து வாங்கி, அதன் பிழைகளைச் சுட்டிக் கடிதம் எழுதி, அது நின்றுபோகும் நிலை வந்தபோது சந்தா திரட்டிக் கொடுத்த வாசகர்களின் வரலாறு மட்டும் பெரும்பாலும் எழுதப்படாமலே போய்விடுகிறது. ஆசிரியர் பெயர் நிற்கிறது; இதழின் பெயர் நிற்கிறது; கூடியிருந்தவர்களின் பெயர் நிற்பதில்லை.

இணையம் என்னும் புதிய வெளியிலும் இக்குறை உண்டு. எந்த நிறுவனம் எந்த ஆண்டில் எவ்வளவு இலாபம் ஈட்டியது என்ற செய்தி எளிதில் கிடைக்கும். அந்நிறுவனத்தின் கருவியைச் சுற்றி ஊர்போல் கூடி வாழ்ந்தவர்கள் யார், என்ன எழுதினார்கள், பின்னர் எங்கே போனார்கள் என்பதைச் சொல்வார் இல்லை. நார்வே நாட்டில் தோன்றிய ஓபரா என்ற உலாவியையும், அதனை விரும்பியவர்கள் 2001 முதல் 2014 வரை குடியிருந்த மை ஓபரா என்ற தளத்தையும் பற்றி இங்கே எழுத முற்படுவது அதன் பொருட்டே. இலக்கிய வட்டம் ஒன்றின் மலரில் உலாவிக்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அங்கே கூடியவர்கள் எழுதினார்கள் என்பதுதான் என் விடை. நாட்குறிப்பும் கவிதையும் பயணக்கட்டுரையும் சண்டையும் சமாதானமுமாகப் பன்னிரண்டரை ஆண்டுகள் எழுதினார்கள்.

உலாவி என்பது இணையப் பக்கங்களை நாம் படிக்கத் துணைசெய்யும் மென்பொருள். 1994 ஆம் ஆண்டில் உலகில் இருந்த உலாவிகள் மிகச் சிலவே. அவ்வாண்டில் நார்வேயின் அரசுத் தொலைபேசி நிறுவனத்தில், பின்னாளில் டெலிநார் எனப் பெயர் பெற்ற அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், இருவர் ஓர் உலாவியை எழுதத் தொடங்கினர். ஒருவர் ஐஸ்லாந்தில் பிறந்து வளர்ந்த ஜான் ஸ்டீஃபன்சன் ஃபான் டெட்ச்னர். மற்றவர் நார்வேயைச் சேர்ந்த கெயிர் இவர்சோய். முன்னவர் பேச்சும் துடிப்பும் உடையவர், மேடைக்கு உரியவர். பின்னவர் நிரல் எழுதுவதில் வல்லவர். அதிகம் வெளியே தெரியாதவர். ஆய்வுக்கூடத்து வேலையாக இருந்ததைத் தொலைபேசி நிறுவனம் தொடர விரும்பாதபோது, இருவரும் அதன் உரிமையைப் பெற்று 1995 இல் ஒஸ்லோவில் தனி நிறுவனம் தொடங்கினர். பொதுமக்களுக்கென முதற்பதிப்பு 1996 இல் வெளிவந்தது.

அது மிகச் சிறியது. தொடக்கப் பதிப்புகள் ஒரே நெகிழ்வட்டில் அடங்கின. பழைய கணினியிலும் மெதுவான தொலைபேசித் தொடர்பிலும் அது விரைந்து ஓடியது. ஒரே சாளரத்துக்குள் பல பக்கங்களை ஒரே நேரத்தில் திறந்துவைத்துப் படிக்கும் வசதி தொடக்கத்திலேயே அதில் இருந்தது. இன்று எல்லா உலாவிகளிலும் காணும் இவ்வசதி அன்று அரிது. கணினி திடீரென நின்றுவிட்டால் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கவும் அது கற்றுக்கொண்டது. படிப்பவர்களுக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அது விலைக்கு விற்கப்பட்டது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. மைக்ரோசாஃப்ட் தன் உலாவியை விண்டோஸுடன் சேர்த்து இலவசமாகவே அளித்தது. அந்தப் போரில் நெட்ஸ்கேப்பே தாங்கமுடியாமல் 1998 இல் தன் மூலநிரலைப் பொதுவில் வைக்கும் நிலைக்கு வந்தது. இத்தகைய வேளையில் நாற்பது டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் ஓர் உலாவியை விற்க முனைந்தது அறியாமை என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆயினும் வாங்கினவர்கள் இருந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறவன் வெறும் நுகர்வோன் அல்லன், அவன் சந்தாதாரன். அவனுக்கு அந்தப் பொருளின்மேல் உரிமையுணர்வு பிறக்கிறது. குறை கண்டால் கோபிக்கிறான். பிறர் குறை சொன்னால் அதைவிடக் கோபிக்கிறான். சிற்றிதழ் நடத்தியவர்கள் இத்தகைய வாசகரை நன்கு அறிவார்கள். ஓபராவின் கூட்டம் பின்னாளில் எப்படி அமைந்தது என்பதற்கு வேர் இங்கேதான் உள்ளது.

இவ்விடத்தில் பெயர்களைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். கவிஞர்கள் அவையில் இதனை விட்டுச்செல்ல மனம் வரவில்லை. பக்கத்தைத் திரையில் வரையும் உட்பொறிக்கு முதலில் எலெக்ட்ரா என்றும், 2003 இல் புதிதாக எழுதப்பட்டபோது பிரெஸ்டோ என்றும் பெயரிட்டனர். எலெக்ட்ரா என்பது ஓர் இசைநாடகத்தின் பெயர். பிரெஸ்டோ என்பது ஐரோப்பிய இசையில் மிகத் துரிதமான கதியைக் குறிக்கும் சொல். பக்கங்களில் பொதிந்த நிரல்வரிகளை இயக்கும் மற்றொரு பொறிக்கோ எழுத்து முறைகளின் பெயர்களை அடுத்தடுத்து வைத்தனர்: லீனியர் ஏ, லீனியர் பி, ஃபுதார்க், சரகன். முதலிரண்டும் கிரீட் தீவிலும் கிரேக்கத்திலும் கிடைத்த பண்டை எழுத்துகள். இரண்டாவது 1952 இல் படித்தறியப்பட்டது. முதலாவது இன்றுவரை படித்தறியப்படவில்லை. ஃபுதார்க் வடபுலத்து மக்கள் கல்லிலும் மரத்திலும் செதுக்கிய எழுத்து. 2010 இல் வந்த சரகன் ஜாவாத் தீவின் எழுத்து. பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்துக் கடல்கடந்த மரபின் வழிவந்தது அது. ஒஸ்லோவில் நிரல் எழுதிய ஒருவர், தெரிந்தோ தெரியாமலோ, காஞ்சியின் தூரத்து உறவொன்றைத் தம் பொறிக்குப் பெயராக வைத்தார் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஓபராவை நேசித்தவர்கள் அதன் விரைவை மட்டும் நேசிக்கவில்லை. அது ஒரு கொள்கைக்காக நின்றது. பக்கத்தின் உள்ளடக்கத்தையும் அதன் தோற்றத்தையும் தனித்தனியே எழுதவேண்டும் என்ற முறையை 1994 இல் முன்மொழிந்தவர் ஹோக்கன் வியூம் லீ என்ற நார்வேக்காரர். நடைத்தாள் எனப்படும் அம்முறையைப் பொதுத்தரமாக எல்லா உலாவிகளும் பின்பற்றினால், எழுதுகிறவன் ஒருமுறை எழுதினால் போதும். எந்த உலாவியிலும் படிக்கலாம். இதனை ஓபரா 1998 இல் ஏற்றது. லீ 1999 இல் அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராகவே வந்து சேர்ந்தார். அன்றைய நிலைமையோ வேறு. மைக்ரோசாஃப்டின் உலாவிக்கென்றே எழுதப்பட்ட பக்கங்கள் பெருகிக் கிடந்தன. அவை ஓபராவில் கோணலாகத் தெரிந்தன. பழி ஓபராவின் மேல் விழுந்தது.

2001 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். தளம் ஓபராவில் வந்தவர்களை உள்ளே விடவில்லை. எதிர்ப்புக்குப் பிறகு கதவு திறந்தது. 2003 இல் வேறொன்று நிகழ்ந்தது. அதே தளத்தில் ஓபரா ஏழாம் பதிப்பில் மட்டும் வரிகள் இடப்பக்கம் நகர்ந்து விளிம்பில் வெட்டுண்டு தெரிந்தன. ஓபராவின் பொறியாளர்கள் ஆராய்ந்து பார்த்தனர். ஓபரா என்ற பெயருடன் போனால், பக்கத்தை முப்பது புள்ளி அளவு தள்ளிவைக்கும் வேறொரு நடைத்தாளை அந்த வழங்கி அனுப்புகிறது. பெயரில் ஓரிரு எழுத்தை மாற்றி 'ஓப்ரா' என்று சொல்லிக்கொண்டு போனால், நல்ல நடைத்தாளே வருகிறது. இதற்கு அவர்கள் கண்ட பதில் வழக்காடல் அன்று, நகைச்சுவை. 2003 பிப்ரவரியில் 'போர்க்' என்ற சிறப்புப் பதிப்பொன்றை வெளியிட்டனர். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பொம்மலாட்டம் ஒன்றில் சமையற்காரப் பொம்மை ஒன்று பொருளற்ற மொழியில் உளறும். அந்தப் பதிப்பில் எம்.எஸ்.என். பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள சொற்கள் யாவும் அந்தப் பொம்மையின் உளறலாக மாறித் தெரியும். மற்ற தளங்களெல்லாம் ஒழுங்காகவே தெரியும். அடுத்த ஆண்டில், பெயர் வெளியிடாத ஒரு நிறுவனம் ஒரு கோடியே இருபத்தேழரை இலட்சம் டாலர் கொடுத்து ஓபராவுடன் இணக்கம் செய்துகொண்டது. அது மைக்ரோசாஃப்ட் என்றே செய்தியாளர்கள் எழுதினர். எளியவன் வலியவனை எள்ளி வெல்லும் கதை எந்த நாட்டிலும் கூட்டம் சேர்க்கும்.

கூட்டம் சேர்வதற்கு இடமும் இருந்தது. 2001 ஆகஸ்டில் மை ஓபரா தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் உலாவியின் தோற்றத்தை மாற்றும் அலங்காரங்களையும் பட்டைகளையும் பகிர்ந்துகொள்வதும், ஐயம் கேட்பதுமே அதன் பெரும்பணி. சில ஆண்டுகளில் உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் தனி முகவரியுடன் ஒரு பக்கம், நாட்குறிப்புப்போல் எழுதிவர இடம், நிழற்படத் தொகுப்பு, நண்பர் பட்டியல், குழுக்கள் என்று விரிந்தது. இதற்கு உறுப்பினர் காசு தரவேண்டியதில்லை. ஓபராவைப் பயன்படுத்தாதவரும் சேரலாம். அவ்வாறே சேர்ந்தார்கள்.

அங்கே இருவகை மனிதர்கள் இருந்தனர். ஒருவகையினர் உலாவிக்காகவே வந்தவர்கள். உலாவியை உருவாக்கும் குழுவினர் அத்தளத்திலேயே ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். முற்றுப்பெறாத சோதனைப் பதிப்புகளை, பல காலம் வாரந்தோறும், அதில் வெளியிடுவார்கள். அதனை இறக்கிப் பார்த்து, எந்தத் தளம் உடைகிறது, எந்தக் கணினியில் நின்றுபோகிறது என்று நூற்றுக்கணக்கானோர் கீழே எழுதுவார்கள். ஊதியமில்லாத ஊழியம் அது. அச்சுக்குப் போகுமுன் படிவத்தைத் திருத்திக் கொடுக்கும் நண்பர்களை நாம் அறிவோம். அவர்களது இனம் இவர்கள். உலாவியின் சொற்களைத் தத்தம் மொழியில் பெயர்த்துக் கொடுத்தவர்களும், சண்டை மூளும்போது நடுவராக நின்றவர்களும் இவர்களிடையே தோன்றினர்.

மற்றவகையினர் எழுதவும் படங்களை வைக்கவும் வந்தவர்கள். அவர்களுக்கு உலாவியின் உட்பொறி எதுவானால் என்ன? ரஷ்யர், போலந்துக்காரர், இந்தோனேசியர், வியட்நாமியர், இந்தியர் என்று பலரும் அங்கே தத்தம் மொழியில் எழுதினர். யாகூ 360 என்ற தளம் 2009 இல் மூடப்பட்டபோது வீடிழந்த வியட்நாமியரில் ஒரு பகுதியினர் மை ஓபராவில் வந்து குடியேறினர். ஒருமுறை மூட்டை கட்டியவர்கள் அவர்கள். ஐந்தாண்டுக்குள் மீண்டும் கட்டவேண்டியிருக்கும் என்று அப்போது அறிந்திருக்கமாட்டார்கள். உலாவிக்காக வந்தவரும் எழுத்துக்காக வந்தவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் பின்னூட்டம் எழுதி நண்பராவது அங்கே இயல்பாக நடந்தது. இக்கலப்பே மை ஓபராவின் சுவை என்று கருதுகிறேன். ஒரே தொழிலோர் மட்டும் கூடும் இடம் சங்கமாகலாம், ஊராகாது.

2005 ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் உச்சம். ஏப்ரலில் எட்டாம் பதிப்பு வெளிவந்தபோது, நான்கு நாளில் பத்து இலட்சம் பேர் இறக்கிக்கொண்டால் நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்கு நீந்திச் செல்வேன் என்று டெட்ச்னர் சொல்லிவிட்டார். வழியில் ஐஸ்லாந்தில் தாயார் வீட்டில் இறங்கிச் சூடான சாக்லேட் குடிக்கமட்டும் நிற்பாராம். இந்தப் பேச்சை நிறுவனமே செய்தியாக வெளியிட்டது. அன்பர்கள் விடுவார்களா? நான்கு நாளில் பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. சொன்ன சொல்லைக் காக்க அவர் ஒஸ்லோக் கடற்கழியில் இறங்கினார். உடன் வந்த ரப்பர்ப் படகில் ஓட்டை விழுந்ததால், படகில் இருந்த நண்பரைக் கரைசேர்க்கும் பொருட்டுப் பயணம் சிறிது தொலைவிலேயே முடிந்தது. விளம்பர வேடிக்கைதான். எனினும் ஒரு நிறுவனத்தின் தலைவர் தம் வாசகர்களிடம் பந்தயம் கட்டித் தோற்று நீரில் இறங்கும் அளவு அணுக்கம் அங்கே இருந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று ஓபரா முற்றிலும் இலவசமாயிற்று. 2000 இன் இறுதியிலிருந்தே விளம்பரப் பட்டையைப் பொறுத்துக்கொள்வோர்க்கு இலவசமாகக் கிடைத்துவந்தது. இப்போது பட்டையும் போயிற்று. வருவாய் கூகுள் முதலிய தேடுதளங்களிடமிருந்து வந்தது. அன்பர்கள் கொண்டாடினார்கள். இன்று திரும்பிப் பார்க்கையில், கொண்டாட்டத்தோடு ஒன்று மாறிவிட்டது தெரிகிறது. அதுவரை நிறுவனத்தைக் காத்தது வாசகன் கொடுத்த காசு. இனி அவன் தேடிய தேடல்களுக்கு வேறொருவர் கொடுக்கும் காசு. சந்தாதாரன் எண்ணிக்கையாகிவிட்டான். பொதுமக்களுக்குப் பங்குகள் விற்கப்பட்டு ஓபரா ஒஸ்லோப் பங்குச் சந்தைக்கு 2004 இலேயே போயிருந்தது. அங்கே உட்கார்ந்து கணக்குக் கேட்பவர்கள் வாசகர்கள் அல்லர்.

மறு ஆண்டு மார்ச்சில் கெயிர் இவர்சோய் புற்றுநோயால் மறைந்தார். அவ்வாண்டு வந்த ஒன்பதாம் பதிப்பில், உலாவியைப் பற்றிய குறிப்புகள் இருக்கும் பக்கத்தில், அவர் நினைவாக என்று ஒருவரி சேர்க்கப்பட்டது. பலர் திறந்தே பார்க்காத பக்கம் அது.

நமக்கு நேரடித் தொடர்புள்ள பகுதி இனி வருகிறது. 2006 ஜனவரியில் ஓபரா மினி உலகெங்கும் வெளியிடப்பட்டது. எளிய கைப்பேசிகளுக்கான உலாவி இது. இதன் செயல்முறை புதுமையானது. கைப்பேசி நேரே தளத்துக்குப் போவதில்லை. ஓபராவின் வழங்கி போய்ப் பக்கத்தைப் பெற்று, அதனைச் சுருக்கிப் பத்தில் ஒரு பங்கு வரையிலுங்கூடக் குறைத்துக் கைப்பேசிக்கு அனுப்பும். கைப்பேசி அதனைக் காட்டினால் போதும். தரவின் ஒவ்வோர் அளவுக்கும் காசு கொடுத்தவர்கள் வாழ்ந்த இந்தியா, இந்தோனேசியா, நைஜீரியா போன்ற நாடுகளில் அது பரவியதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அக்கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் வரிவரியாக வெற்றுக் கட்டங்களே தெரியும். இந்நிலையில், முகவரிப் பட்டையில் 'ஓபரா கான்ஃபிக்' என்று பொருள்படும் ஒரு தொடரை ஆங்கிலத்தில் தட்டினால் மறைந்திருந்த அமைப்புப் பக்கம் ஒன்று திறக்கும். அதில், சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்துக என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதனை 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால், மீண்டும் திறக்கும் பக்கத்தில் தமிழ் தெரியும். வழங்கியே எழுத்துகளைச் சிறுசிறு படங்களாக வரைந்து அனுப்பிவிடும்; கைப்பேசிக்குத் தமிழ் தெரியவேண்டியதில்லை. தரவு சற்றுக் கூடும், பொறுத்துக்கொள்ளலாம். அச்சில் வந்த கையேடுகளில் இடம்பெறாத இந்த வழி வாய்வழியாகவும் எழுத்துவழியாகவும் ஒருவர்க்கொருவர் சொல்லிப் பரவியது. பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கவிதையைக் கைப்பேசியில் தமிழிலேயே படிப்பது அக்காலத்தில் பலர்க்கு இவ்வாறே கூடிற்று. தமிழ் இணையத்தின் வரலாற்றை எழுதுவோர் எழுத்துருக்களையும் குறியீட்டு முறைகளையும் பற்றி விரிவாக எழுதுகிறார்கள், எழுதவேண்டியதே. அமைப்புப் பக்கத்தின் இந்த ஒருவரிக்கும் அவ்வரலாற்றில் ஓர் அடியாவது ஒதுக்கவேண்டும். தமிழ் எழுத்துரு கைப்பேசியோடேயே வரத்தொடங்கியபின் அதன் தேவை மறைந்தது.

2009 ஜூனில் ஓபரா யுனைட் என்று ஒன்றை அறிவித்தார்கள். உலாவிக்குள்ளேயே ஒரு சிறு வழங்கி. உங்கள் எழுத்தும் படங்களும் உங்கள் கணினியிலேயே இருக்கும். நண்பர்கள் அங்கே வந்து படித்துச் செல்வார்கள். குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டுவதுபோல் செய்தி ஒட்டிவிட்டுப் போகவும் ஓர் இடம் அதில் இருந்தது. பெருநிறுவனங்களின் கிடங்கில் நம் எழுத்தைக் கொண்டுபோய் வைக்கவேண்டாம் என்பதே அதன் உட்கருத்து. கணினி அணைந்தால் வீடும் மூடிவிடும் என்பது அதன் குறை. அக்குறையாலும் ஆதரவின்மையாலும் 2012 இல் அது கைவிடப்பட்டது. எழுதுகிறவன் வீடு அவனுடையதாக இருக்கட்டும் என்று ஒரு கருவி செய்த அதே நிறுவனந்தான் ஐந்தாண்டுக்குள் இலட்சக்கணக்கானோர் வீட்டைப் பூட்டியது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டியுள்ளது.

எப்படி அங்கு வந்து சேர்ந்தது? டெட்ச்னர் 2010 ஜனவரியில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2011 இல் நிறுவனத்தை விட்டே சென்றார். நிர்வாகக் குழுவுக்கும் தமக்கும் மதிப்பீடுகளில் ஒற்றுமையில்லை, அவர்கள் காலாண்டுக் கணக்கையே நோக்குகிறார்கள் என்ற பொருள்பட விடைபெறு மடல் எழுதினார். மேசைக் கணினிகளில் ஓபராவின் பங்கு உலக அளவில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவிலேயே நின்றது. உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா போன்ற சில நாடுகளில் மட்டும் செல்வாக்குடன் விளங்கியது. மைக்ரோசாஃப்டின் மேல் 2007 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடுத்த முறையீடு வென்று, 2010 இல் விண்டோஸில் உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரை வந்தது. அதற்குள் கூகுளின் குரோம் வந்துவிட்டதால் வெற்றியின் பயனை வேறொருவரே நுகர்ந்தார்.

2013 பிப்ரவரி 13 அன்று இரண்டு செய்திகள் ஒரே அறிவிப்பில் வந்தன. ஓபராவின் எல்லாப் பதிப்புகளையும் சேர்த்துப் பயனர் எண்ணிக்கை முப்பது கோடியை எட்டிவிட்டது. பிரெஸ்டோ பொறியைக் கைவிட்டுக் குரோம் உலாவியின் அடித்தளத்துக்கு மாறப்போகிறோம். காரணம் புரியாததன்று. சிறு குழு ஒன்று தனிப்பொறியைக் காத்துவருவது பெருஞ்செலவு. தளங்களும் பெரும் உலாவிகளுக்கென்றே எழுதப்பட்டுவந்தன. ஜூலையில் வந்த பதினைந்தாம் பதிப்பில் பழைய வசதிகள் பல இல்லை; பக்கங்களைக் குறித்துவைக்கும் குறியேடுகூட இல்லை. பதினைந்து ஆண்டுகளாக அவ்வுலாவியைத் தம் கைக்கேற்பச் செதுக்கிவைத்திருந்தவர்கள் உருவாக்கக் குழுவின் பக்கத்தில் வந்து எழுதிய எழுத்து, ஏக்கமும் சினமும் கலந்தது. அவர்கள் கேட்டது புதிய பொறி வேண்டாம் என்பதைவிட, எங்களை ஏன் கேட்கவில்லை என்பதே. பொறியைப் பற்றி நிறுவனம் செய்த முடிவு தவிர்க்கமுடியாததாக இருந்திருக்கலாம். வாரந்தோறும் பிழைதிருத்திக் கொடுத்தவர்களுக்கு அது முடிந்தபின் அறிவிக்கப்பட்டதே குறை என்று நான் நினைக்கிறேன்.

2013 அக்டோபர் 31 அன்று அடுத்த அறிவிப்பு வந்தது: மை ஓபரா 2014 மார்ச் 1 முதல் இராது. பிற சமூகத் தளங்கள் பெருகிவிட்டன, தொடர்ந்து நடத்துவதற்கு வளங்கள் போதா என்பது கூறப்பட்ட காரணத்தின் சாரம். எழுதியவற்றை எடுத்துச்செல்லக் கருவி தரப்பட்டது. நான்கு மாத அவகாசமும் இருந்தது. கைவிட்ட தளங்களை இதைவிடக் கொடுமையாக மூடியவர்கள் உண்டு என்பதால் இதனைச் சொல்லவேண்டும். 2009 அக்டோபரில் யாகூ ஜியோசிட்டிஸை மூடியபோது, அதிலுள்ள பக்கங்களைக் காப்பாற்றத் தன்னார்வலர்களே நகலெடுக்க ஓடவேண்டியிருந்தது.

எனினும் எடுத்துச்செல்லக் கூடியது எது? கட்டுரையின் சொற்களை எடுத்துச்செல்லலாம், படங்களை எடுத்துச்செல்லலாம். முகவரியை எடுத்துச்செல்ல முடியாது. ஒருவர் கவிதையைப் படித்த மற்றொருவர் தம் பக்கத்தில் அதற்கு இட்ட சுட்டி, அம்முகவரியையே நம்பியிருந்தது. தளம் மூடப்பட்டபோது அச்சுட்டிகள் யாவும் ஒரே நாளில் அறுந்தன. மறதியாலும் நோயாலும் மரணத்தாலும் அந்நான்கு மாதத்தில் வந்து பார்க்காதவர்களின் பக்கங்களை எடுத்துச்செல்ல ஆளில்லை. நல்லவேளையாக இணைய ஆவணக் காப்பகம் பல பக்கங்களைப் படியெடுத்து வைத்திருக்கிறது. ஆயினும் ஒரு பக்கம் அங்கே கிடைக்கவேண்டுமானால் அதன் பழைய முகவரி தெரிந்திருக்கவேண்டும். ஊர் அழிந்தபின் தெருப்பெயரை யார் நினைவில் வைத்திருப்பார்?

நம் வட்டத்தார் சிலரிடம் இச்செய்தியைப் பேசியபோது, நம்முடையவை பத்திரமாக இருக்கின்றன என்றே சொன்னார்கள். எங்கே என்று கேட்டால், முகநூலில், வாட்ஸப் குழுவில் என்கிறார்கள். கூட்டங்களில் படிக்கப்பட்ட கவிதைகளையும் அவற்றுக்கு அங்கேயே எழுந்த மறுப்புகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால், இம்மலர்க்குழுவின் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். இது வழியிடைச் சொல், வரலாற்றுக்கு மீள்வோம்.

மை ஓபரா மூடப்படும் என்ற அறிவிப்புக்கும் அது மூடப்பட்ட நாளுக்கும் இடையில், 2014 ஜனவரியில், டெட்ச்னர் ஒரு புதிய தளத்தைத் திறந்தார். பெயர் விவால்டி. இசைப்பெயரை அவர் விடவில்லை. வெளியேற்றப்படுகிறவர்கள் அங்கே வந்து எழுதலாம், படங்களை வைக்கலாம், அஞ்சல் முகவரி பெறலாம், பழைய நண்பர்களைத் தேடலாம் என்று அழைத்தார். அப்போது அவரிடம் விவால்டி என்ற உலாவி இல்லை. அதன் சோதனைப் பதிப்பு ஓராண்டு கழித்து 2015 ஜனவரியிலும், முதற்பதிப்பு 2016 ஏப்ரலிலும் வந்தன. ஓபராவின் வரலாற்றில் உலாவி முதலில் வந்தது. ஏழாண்டு கழித்து அதைச் சுற்றி ஊர் வந்தது. விவால்டியில் ஊர் முதலில் வந்தது. ஊரார் கேட்டதை வைத்து உலாவி எழுதப்பட்டது. பழைய ஓபராவில் இருந்து 2013 இல் காணாமற்போன வசதிகள் ஒவ்வொன்றாக அதில் திரும்பிவந்தன. வெளி முதலீட்டாளர்க்கு இடமளிக்காமல் பணியாளர்களே உரிமையாளராக இருப்பது என்பதையும் அந்நிறுவனம் தொடக்கத்திலேயே கொள்கையாக வைத்துக்கொண்டது.

ஓபராவின் உலாவித் தொழிலும் பெயரும் 2016 இல் சீன முதலீட்டாளர் குழுவொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பத்தேழரைக் கோடி டாலருக்கு விற்கப்பட்டன. எஞ்சிய பழைய நிறுவனம் ஒட்டெல்லோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதுவும் ஓர் இசைநாடகந்தான். ஓபரா உலாவி இன்றும் புதிய பதிப்புகளில் வருகிறது. விவால்டியின் தளமும் நடைபெறுகிறது. 2022 நவம்பரில் அவர்கள் மாஸ்டடான் முறையில் இன்னொரு கூடத்தையும் அங்கே திறந்தார்கள். அந்த முறையில் ஓர் உறுப்பினர் தம்மைப் பின்தொடர்வோரை அழைத்துக்கொண்டு வேறொருவர் நடத்தும் வழங்கிக்குக் குடிபெயரலாம். முன்பு எழுதிய பதிவுகள் மட்டும் பழைய வழங்கியிலேயே தங்கிவிடும்.